வடக்கு வாசலுக்கு வெளியே

அன்புள்ள அண்ணா,

நேற்று மார்ச் 16. தெற்குப் பிரான்சின் மலைக்கோட்டையான மொன்செகூருக்கு மறுபடியும் போய்விட்டு, இரவு ரயிலில் திரும்பி வந்து, உடுப்புக்கூட மாற்றாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். தொலைபேசியில் சொல்ல முயன்றேன் என்பது உங்களுக்குத் தெரியும்; எத்தனை முறை என்பதும் தெரியும். நீங்கள் இந்தப் பக்கத்தை வாசிப்பதாக உங்கள் மூத்த மகள் சொன்னாள். (அவளைக் கோபிக்க வேண்டாம், நான்தான் துருவிக் கேட்டேன்.) ஆகவே, உங்களுக்கு மட்டும் எழுத வேண்டியதை ஊரே வாசிக்கக்கூடிய இடத்தில் எழுதுகிறேன். பாரிஸ் லா சப்பலில் மரக்கறி வாங்கப் போகும்போது யாராவது உங்களை மறித்து இதைப் பற்றிக் கேட்டால், தங்கச்சிக்கு எழுத்துப் பைத்தியம் என்று சொல்லிவிட்டு நடந்துவிடுங்கள்.

வீட்டு உறுதி பற்றியோ, அதன் பின் உறவினர்கள் கூடிப் பேசியவை பற்றியோ இங்கே ஒன்றும் எழுதப் போவதில்லை. அவற்றை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். 2014 ஒக்டோபரில் அந்த மலையுச்சியில், ஒரு சுவருக்குப் பக்கத்தில் நின்று நான் சொன்ன ஒரேயொரு வசனத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். அந்த வசனம் உண்மை. அதைச் சொன்ன நேரமும் சொன்ன காரணமும்தான் உண்மையானவை அல்ல.

உங்களை அங்கே இழுத்தது ஒரு நாள்காட்டிப் படம். ஆண்டுக் கடைசியில் தபால்காரர் வீடு வீடாகக் கொண்டுவரும் அட்டை நாள்காட்டியை, உங்களோடு உணவகச் சமையலறையில் நின்ற லவலானே ஊர்க்காரர் சுவரில் மாட்டியிருந்தார். மேகத்துக்கு மேலே ஒரு பாறை, பாறைக்கு மேலே ஒரு கோட்டை. ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய இருநூறுக்கு மேற்பட்டவர்கள், அதைச் சொல்லாமல் அங்கேயிருந்து நெருப்புக்குள் இறங்கினார்கள் என்று அவர் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாராம். ஆண்டு முடிந்ததும் அந்தப் படத்தை வெட்டி எடுத்து உங்கள் அகதிப் பயணப் பத்திரத்துக்குள் மடித்து வைத்தீர்கள். எல்லா நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது என்று எழுதியிருக்கும் அந்தச் சிறு புத்தகத்துக்குள்.

நெருப்புக்குள் இறங்கியவர்கள் கதாரர், கத்தோலிக்கத் திருச்சபை மதப்புரட்டர் என்று ஒதுக்கிய இடைக்காலக் கிறிஸ்தவப் பிரிவினர். அந்தப் பெயரை நான் முதலில் சொன்னபோது, "கட்டாரிலயிருந்து வந்தவையோ?" என்று கேட்டீர்கள். இருவரும் எவ்வளவு நேரம் சிரித்தோம்! அந்தப் பெயரை அவர்கள் தமக்கு வைத்துக்கொள்ளவில்லை. தம்மை நல்ல கிறிஸ்தவர்கள் என்றார்கள், மற்றவர்கள் அவர்களை நல்ல ஆண்கள், நல்ல பெண்கள் என்று அழைத்தார்கள். அவர்களில் தீட்சை பெற்றவர்கள் இறைச்சியும் முட்டையும் பாலும் தொடாமல் மீனை மட்டும் உண்டார்கள் என்பது, வெள்ளிக்கிழமை மட்டும் சைவமாக இருக்கும் உங்களுக்குப் பெரிதாகப் படவில்லை. அவர்கள் எதன்மீதும் எவருக்கும் சத்தியம் செய்வதில்லை என்று நான் வாசித்துக் காட்டியபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். அந்த அசைவை நான் கவனித்தேன். ஏன் கவனித்தேன் என்பதைக் கீழே சொல்வேன்.

ஒஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் இரவு ரயில் ஏறியதும், விடியற்புறத்தில் ஃபுவாவில் இறங்கி ஊருக்கு மேலே மூன்று கோபுரங்களோடு நின்ற கோட்டையைப் பார்த்து "இதுதானோ?" என்று நீங்கள் கேட்டதும், அண்ணி கட்டித் தந்த இடியப்பத்தை நிலைய வாங்கிலில் இருந்து குளிரில் தின்றதும் எல்லாம் ஞாபகத்தில் இருக்கின்றன. ஆனால் அந்தப் பயணத்தை நினைக்கும் ஒவ்வொரு முறையும், மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அந்தச் சுவர் முன்னே வந்துவிடுகிறது.

அதற்கு முன்பு புல்வெளி. மலையடிவாரத்தில், எரிக்கப்பட்டவர்களின் வயல் என்று தலைமுறை தலைமுறையாக அழைக்கப்படும் இடத்தில், 1960இல் நட்ட கல்லொன்று நிற்கிறது. தூய கிறிஸ்தவ அன்பின் தியாகிகளான கதாரர்களுக்கு என்று அந்தப் பகுதியின் பழைய மொழியான ஒக்சித்தானில் பொறித்திருக்கிறார்கள். நீங்கள் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நனைந்த புல்லில் வெறுங்காலோடு நின்றீர்கள். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு பிரெஞ்சுக் குடும்பம் பேச்சை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, அண்ணா. உங்களைப் பார்த்து வெட்கப்பட்டேன் என்பதை இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுதுகிறேன். உங்கள் காலைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது என்பதும் அதே அளவு உண்மை.

பிறகு ஏறினோம். போக் என்று அங்குள்ளவர்கள் சொல்லும் அந்தப் பாறையின் உச்சி 1,207 மீட்டர். கிராமம் அதற்கு ஏறத்தாழ முந்நூறு மீட்டர் கீழே கிடக்கிறது. மற்றவர்கள் அரைமணி நேரத்தில் ஏறும் பாதையை, உங்கள் முழங்காலோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறினோம். மேலே பெரிய வாசலுக்குள் நுழைந்ததும், ஐந்து பக்கச் சுவர்களுக்குள் கூரையில்லாத முற்றத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே ஒரு சுவரை நோக்கிப் போனீர்கள். இரண்டு உள்ளங்கைகளையும் கல்லில் வைத்து, நல்லூரில் வைப்பது போல, நெற்றியைச் சாய்த்தீர்கள். அப்போதுதான் நான் அந்த வசனத்தைச் சொன்னேன்.

"அண்ணா, இது அவையின்ர சுவர் இல்லை. வென்றவை பிறகு கட்டினது."

நீங்கள் நெற்றியை உடனே எடுக்கவில்லை. முதலில் ஒரு கை இறங்கியது, பிறகு மற்றது. "அப்ப சரி, இறங்குவம்" என்றீர்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஃபுவா வரைக்கும் சொல்லவில்லை.

நான் சொன்னதில் பிழை கிடையாது. முந்தின நாள் பிற்பகல் நீங்கள் விடுதியில் காலை நீட்டிக் கிடந்தபோது, நான் கிராமத்து அருங்காட்சியகத்துக்குப் போய், எதிரிகளின் கவண் எறிந்த கல்லுருண்டைகளையும் அம்புமுனைகளையும் கத்தரிக்கோலையும் பகடைக்காய்களையும் பார்த்துவிட்டு, அங்கிருந்த விளக்கங்களை ஒன்றும் விடாமல் வாசித்தேன். ரேமோன் த பெரேய் 1204 அளவில் இடிந்து கிடந்த இடத்தைத் திருத்திக் கட்டிய கோட்டையும், அதைச் சுற்றிப் பாறை விளிம்பில் தொங்கிய குடியிருப்பும், 1244இல் இடம் கைமாறிய பிறகு அழிக்கப்பட்டன. மலை லெவி குடும்பத்தின் கைக்குப் போனது. வடக்கேயிருந்து, கதாரருக்கு எதிரான சிலுவைப்போரில் வந்து இந்த மண்ணைப் பரிசாகப் பெற்ற குடும்பம் அது. படங்களில் எல்லாரும் பார்க்கும் சுவர் அவர்கள் காலத்தில் எழுப்பிய எல்லைக் காவல் கோட்டை. ஜூன் மாத நீண்ட பகலன்று கோபுரத்துத் துளைகளுக்குள்ளால் சூரிய ஒளி ஊடுருவுவதைப் பார்த்து, கதாரரின் இரகசியக் கோயில் என்று புல்லரித்துப் போகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்; அவர்கள் கும்பிடுவதும் லெவியின் கொத்தனார் வேலையைத்தான்.

இதை முதல்நாள் இரவே உங்களிடம் சொல்லியிருக்கலாம். கீழே புல்வெளியில் நின்று சொல்லியிருக்கலாம். சொல்லாமலே விட்டிருக்கலாம். நான் உச்சிவரை காத்திருந்து, நீங்கள் நெற்றியை வைத்த பிறகு சொன்னேன்.

இப்போது காரணம். அன்றைக்கு என் பையில், தண்ணீர்ப் போத்தலுக்கும் உங்கள் முழங்கால் மாத்திரைக்கும் நடுவில், ஒரு கடிதம் இருந்தது. அரசிதழில் என் பெயர் வந்துவிட்டது, நான் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுவிட்டேன் என்ற அறிவிப்பு. பயணத்துக்கு நான்கு நாட்களுக்கு முன் வந்தது. உச்சியில் வைத்துச் சொல்லலாம் என்று எண்ணித்தான் கொண்டுவந்தேன். மாதக்கணக்கில் உங்களுக்கு மறைத்து விண்ணப்பம் போட்டு, நேர்காணலுக்குப் போய், குடிமக்களின் உரிமையும் கடமையும் பற்றிய சாசனத்தில் கையெழுத்து வைத்திருந்தேன். சத்தியம் செய்யாதவர்களைப் பற்றி வாசித்தபோது நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டவள் நான். அந்தப் புல்வெளியில் உங்கள் வெறுங்காலைக் கண்டவளும் நான். நெற்றி சுவரில் பட்டபோது, இந்த மனிதரிடம் இந்தக் கடிதத்தை இனி எப்படிக் காட்டுவது என்ற பயம் எனக்குக் கோபமாக மாறிவிட்டது. உங்கள் சுவரைத் தட்டிவிட்டால் என் கையெழுத்து கொஞ்சம் இலேசாகும் என்று நினைத்திருக்கிறேன் போலும். மூன்று மாதம் கழித்துத் தொலைபேசியில் செய்தியைச் சொன்னேன். "நல்லது பிள்ளை" என்றீர்கள். கடிதம் அன்றைக்கே என் பையில் இருந்தது என்பதை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை எழுதத் துணிந்தது அதைச் சொல்வதற்காகத்தான்.

மன்னிப்புக் கேட்கிறேன். கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாமலும் இருக்கிறது.

ஏனென்றால், இறங்கி வந்தவர்களைப் பற்றி நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. 1243 மே மாதம் பிரெஞ்சு அரசனின் படை தொடங்கிய முற்றுகை பத்து மாதம் நீடித்தது. மார்கழிக் குளிரில், மலையேறத் தெரிந்த சிலர் இரவோடு இரவாகச் செங்குத்துப் பாறையில் ஏறிக் கிழக்கு விளிம்பைப் பிடித்த பிறகு, கல்லெறியும் பொறிகள் மேலே வந்தன. மார்ச் தொடக்கத்தில் சரணடைந்தார்கள். பதினைந்து நாள் அவகாசம் கிடைத்தது. தங்கள் நம்பிக்கையைக் கைவிடுபவர்கள் போகலாம், கைவிடாதவர்கள் நெருப்புக்கு; படைவீரருக்கு மன்னிப்பு. அந்த மன்னிப்பில் அவிஞோனேயும் அடங்கியது. 1242 மே மாதம், அந்த மலையிலிருந்து புறப்பட்டுப் போனவர்கள் அவிஞோனே என்ற ஊரில் இரவு தங்கியிருந்த, மதப்புரட்டரைத் தேடித் தண்டிக்கும் திருச்சபை விசாரணையாளர்களையும் அவர்களது பரிவாரத்தையும் வெட்டிக் கொன்றார்கள். முற்றுகைக்கு அதுவும் ஒரு காரணம். மலையின் மேலே கையில் கறை படியாதவர்கள் மட்டுமே இருந்தார்கள் என்று எவராவது எழுதினால் அது பொய். இந்தப் பத்தியை இதற்கு மேல் நீட்டமாட்டேன். வாசிப்பவர்களில் சிலர், நான் மலையைப் பற்றி எழுதவில்லை என்று இதற்குள் முடிவு கட்டியிருப்பார்கள். நான் மலையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

"பதினைஞ்சு நாளும் என்ன செய்திருப்பினம்?" என்று ரயிலில் நீங்கள் கேட்டீர்கள். அன்றைக்கு எனக்குத் தெரியாது. பிறகு தேடி வாசித்தேன். சாகப் போகிறவர்கள் தம்மிடம் இருந்ததை மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அண்ணா. மிளகு, உப்பு, மெழுகு, எண்ணெய் என்று ஒரு பலசரக்குக் கடைச் சிட்டை போலப் பதிவில் கிடக்கிறது. மார்க்கேசியா என்ற மூதாட்டி தன் உடைமைகள் எல்லாவற்றையும் பேத்தி பிலிப்பாவிடம் கொடுத்துவிட்டு நெருப்புக்குப் போனார். மார்க்கேசியாவின் மகள் கோர்பா, ரேமோன் த பெரேயின் மனைவி. அவகாசம் முடிய மூன்று நாள் இருக்கையில், உயிர்பிழைக்க வழி திறந்திருந்தபோதே, தீட்சை வாங்கித் தன்னையும் எரிபவர்களில் ஒருத்தியாக்கிக்கொண்டார். அவருடைய மகள் எஸ்கிளார்மோந்தும் எரிந்தார். பாட்டி, தாய், மகள் மூவரும் ஒரே நாளில், அந்த மார்ச் 16இல்.

ரேமோன் எரியவில்லை. மாமியாரும் மனைவியும் மகளும் போன பிறகு, கோட்டைக்குச் சொந்தக்காரரான அவர் உயிரோடு இறங்கி வந்து, சில வாரங்களுக்குள் விசாரணையாளர் முன்னிலையில் வாக்குமூலம் கொடுத்தார். அவரைப் போல இறங்கி வந்த இன்னும் பலர் கொடுத்தார்கள். அந்த மிளகும் உப்பும், கோர்பா தீட்சை வாங்கிய நாளும், எரிந்தவர்களில் நாம் இன்று அறிந்திருக்கும் அறுபதுக்கு மேற்பட்ட பெயர்களும் அந்த வாக்குமூலங்களில்தான் இருக்கின்றன. இறங்கி வந்தவர்கள் வாய்திறந்திருக்காவிட்டால் உங்கள் நாள்காட்டிப் படத்துக்குக் கீழே சொல்வதற்கு ஒரு கதைகூட மிஞ்சியிருக்காது. இன்னும் சிலர் இருந்தார்கள்: எரிப்புக்கு நடுவே மேலே ஒளிந்திருந்து, பிறகு கயிற்றால் பாறையில் இறங்கித் தப்பியவர்கள். அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதே என் குரல் உயர்வது எனக்குக் கேட்கிறது. அம்மாவின் கடைசி நாளில், நீங்கள் பாரிஸில் ஒரு சிறு திரையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் புதுக் கடவுச்சீட்டில் விசா குத்திக்கொண்டு, பிறந்த வீட்டு முற்றத்தில் வெளிநாட்டுக்காரியாக நின்றேன். கொள்ளி வைக்க வேண்டியவர் நீங்கள். சித்தப்பாவின் மகன் வைத்தான். நீங்களும் ஒரு கையெழுத்து வைத்திருந்தால் அந்த இடத்தில் நின்றிருப்பீர்கள் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன், அதை நினைத்தபடியே உங்களிடம் மன்னிப்பும் கேட்கிறேன். நீங்கள் ஏன் வைக்கவில்லை என்பதற்கு உங்களிடம் இருக்கும் காரணத்தை நான் மதிக்கிறேன். அதை இங்கே எழுதுவதற்கு எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தக் காரணத்தின் விலையில் ஒரு பங்கை அம்மாவும் கட்டினார் என்பதை மறைக்கவும் முடியவில்லை. அம்மா உங்களுக்கென்று வறுத்து இடித்துக் கட்டி வைத்த தூள் பொதி என் குளிர்சாதனப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. வாசம் போயிருக்கும். எறிய மனம் வரவில்லை.

நேற்றுக்கு வருகிறேன். மழை விட்டிருந்தது, கூட்டம் இல்லை. புல்வெளியில் யாரோ ஒரு கொத்து மஞ்சள் பூவைக் கல்லடியில் வைத்திருந்தார்கள். நான் சப்பாத்தைக் கழற்றவில்லை. அது உங்கள் செய்கை, நான் செய்தால் நடிப்பாகும்.

மேலே போய், நீங்கள் நெற்றி வைத்த இடத்தைத் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை, எல்லாக் கல்லும் ஒன்றுபோல இருந்தது. அதன் பிறகு, அன்றைக்கு நாம் போகாத வடக்கு வாசலுக்குள்ளால் வெளியே போனேன். அன்றைக்கு நான் அந்த வசனத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் இருவரும் முற்றத்தைச் சுற்றிவிட்டு நிச்சயமாக அங்கே போயிருப்போம். கோபுரத்தின் புறமுதுகில், பாதாளத்தைப் பார்த்த சரிவில், தொல்லியலாளர் தோண்டி வெளிக்காட்டிய வீடுகளின் அடித்தளங்கள் படிப்படியாக இறங்குகின்றன. முழங்காலளவு, சில இடங்களில் இடுப்பளவு. பாறையில் வெட்டிய படிகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒருவர் உடம்பைத் திருப்பித்தான் போக வேண்டிய ஒடுக்கம். முற்றுகைக் காலத்தில் ஐந்நூறு பேரளவில் இந்தப் பாறையில் நெருங்கியடித்து இருந்தார்கள். மிளகும் உப்பும் கைமாறியது இப்படிப்பட்ட அறைகளில்தான் இருக்க வேண்டும்.

இவை அவர்களுடைய சுவர்கள், அண்ணா. லெவி கட்டியவை அல்ல. நீங்கள் தேடிப் போனது, கை வைத்த இடத்திலிருந்து சில பத்து அடி தள்ளி, அந்தப் பெரிய சுவருக்கு மறுபக்கத்தில் இருந்தது. நான் முதல்நாளே வாசித்த விளக்கங்களில் அதுவும் இருந்தது. பாதியைச் சொல்லி, மறுபாதியைச் சொல்லாமல் உங்களை இறக்கிக் கூட்டிவந்துவிட்டேன்.

நான் எதையும் தொடவில்லை. படம் எடுத்தேன், அதை இங்கே போடவில்லை.

இந்த ஒக்டோபரிலோ, முழங்கால் இடம் தந்தால் அதற்கு முன்போ, அண்ணியைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் வர வேண்டும் என்பதில்லை. ஃபுவாவிலிருந்து லவலானேக்குப் பேருந்து இருக்கிறது. அதன் பிறகு வாடகைக் கார்தான். ஊன்றுகோல் இரண்டு கொண்டுபோங்கள். பெரிய வாசலால் நுழைந்து, முற்றத்தில் நிற்காமல் நேரே குறுக்கே நடந்து, எதிரேயுள்ள வடக்கு வாசலால் வெளியே வாருங்கள். இடப்பக்கம் திரும்பிச் சுவரைப் பிடித்தபடி போனால் கோபுரத்தின் பின்பக்கம் வரும். அங்கே வெயில் விழுவது குறைவு, கல்லில் பாசி இருக்கிறது, காலைப் பார்த்து வையுங்கள்.

தங்கச்சி